ஃபோர்ட் கேனிங்: வாசலோடு திரும்பிவிடாதீர்கள்

சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றுக்கு வருபவர்களில் பலர் கோட்டை வாசலில் படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அந்த வாசல் 1859க்குப் பிறகு ஆங்கிலேயர் கட்டியது. அதற்கு ஐந்நூறு ஆண்டுகள் முந்தைய அரண்மனையின் தடயம் வேண்டுமென்றால் கிழக்குச் சரிவுக்குப் போகவேண்டும். தேசிய அரும்பொருளகத்தின் பின்புறமாக ஏறி, முன்பு கல்லறைத் தோட்டமாக இருந்த புல்வெளியைக் கடந்தால், பழைய மன்னர் இஸ்கந்தர் ஷாவின் சமாதி என்று சொல்லப்படும் கெராமாட் வந்துவிடும். மழை பெய்திருந்தால் படிகள் வழுக்கும். கெராமாட் வழிபடும் இடம், செருப்பைக் கழற்றிவிடுங்கள்.

மலாய்க்காரர்கள் இந்தக் குன்றை புக்கிட் லாராங்கான், தடைசெய்யப்பட்ட குன்று என்றார்கள். மேலே பழைய அரசர்கள் வாழ்ந்தார்கள், இரவில் முரசொலியும் ஆட்களின் கூச்சலும் கேட்கிறது என்று சொல்லி, ஆங்கிலேயர் வந்த புதிதில் உடன் ஏற மறுத்தார்கள்.

1822இல் குன்றைப் பார்த்த பிரிட்டிஷ் அதிகாரி ஜான் கிராஃபர்ட், பக்கத்துக்குச் சுமார் 40 அடியுள்ள சதுர மேடையையும் அதன் விளிம்பில் 14 மணற்கற்களையும் குறித்துவைத்தார். ஒவ்வொரு கல்லிலும் ஒரு குழி. மரத்தூண் நட்ட பீடங்களாக இருக்கவேண்டும் என்பது அவர் ஊகம். இஸ்கந்தர் ஷா சமாதி என்று சொல்லப்பட்ட இடத்தில் முஸ்லிம்கள், இந்துக்கள், சீனர்கள் எல்லாருமே வழிபட்டதையும் எழுதியிருக்கிறார். ஆனால் மலாய் வரலாற்று நூல்களின்படி அந்த மன்னர் சிங்கப்பூரை விட்டுப் போய் மலாக்காவை நிறுவியவர். இங்கே அடக்கமானது யார் என்பது இன்னும் கேள்விதான்.

கோட்டைக்காக உச்சியைச் சமப்படுத்தியதில் மேலே இருந்தவை அழிந்தன. பிறகு நீர்த்தேக்கம் வந்தது. அதற்குத் தோண்டியபோதுதான் 1928இல் தொழிலாளர்கள் கையில் தங்க நகைகள் சிக்கின. அவற்றில் ஒன்று புஜத்தில் அணியும் வங்கி. நம் கோயில் திருவாசியின் உச்சியில் பார்க்கும் கீர்த்திமுகம் போன்ற முகம் அதில் இருக்கிறது, வேலைப்பாடு ஜாவா பாணி. 1984இல் கெராமாட் அருகே தொல்லியலாளர் ஜான் மிக்சிக் தலைமையில் நடந்த அகழாய்வில் கலையாத 14ஆம் நூற்றாண்டு மண்ணடுக்கே கிடைத்தது; சீனப் பீங்கானும் கண்ணாடி மணிகளும் வந்தன. கெராமாட்டின் மேலிருந்த பயபக்திதான் அந்த மண்ணை மண்வெட்டியிலிருந்து காத்தது என்றே நான் நினைக்கிறேன்.

இது சோழர் கோட்டை என்று சொல்பவர்களும் உண்டு. சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் இருந்ததும் 1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதுமான கல்வெட்டின் துண்டில் ‘கேசரி’ என்று படிக்கலாம், அது பரகேசரி என்ற சோழப் பட்டமாக இருக்கலாம் என ஓர் ஆய்வாளர் சொன்னது உண்மை. ஆனால் அந்த எழுத்துகள் இன்னும் முழுதாகப் படிக்கப்படவில்லை, கல் கிடந்ததும் குன்றின் மேல் அல்ல. குன்றின் மண் இதுவரை காட்டியிருப்பது ஜாவாவோடும் சீனாவோடும் இருந்த தொடர்பைத்தான்.