கொலுசுக் கடைக்கு முதலில் வரைய வேண்டியது கவுண்டரின் செக்‌ஷன்

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுக் கடை போடுகிறவர்கள் முதலில் கேட்பது த்ரீ-டி படம். அதை வைத்துக்கொண்டு ஆசாரி ஒரு பலகைகூட அறுக்க முடியாது. கவுண்டரைக் குறுக்கே வெட்டிக் காட்டும் செக்‌ஷனை 1:10 அளவில் வரைந்த பிறகே, மேலிருந்து பார்ப்பதுபோல் வரையும் பிளானுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கொலுசை நின்றபடி யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. குடும்பமாக வந்து உட்கார்ந்து, தட்டுத் தட்டாகப் பார்ப்பார்கள். உட்காரும் கவுண்டருக்கு உயரம் 750 மி.மீ., நாற்காலிக்கு 450. மேலே உள்ள கண்ணாடிப் பெட்டி அடிப்பலகையோடு சேர்த்து 100 மி.மீ.க்கு மேல் போனால் முழங்கால் இடிக்கும். கவுண்டரின் ஆழம் 600 என்றால் கீழே டிராயர் 350தான். மீதி 250 வாடிக்கையாளரின் காலுக்கு. இதில் எதுவும் பிளானில் தெரியாது.

இனி அகலம். பின்சுவர் அலமாரி 300, ஆள் நிற்க 750, கவுண்டர் 600: மொத்தம் 1650. சுவர்ப் பூச்சுக்குப் பூச்சு 3000 கிடைக்கும் கடையில் மீதி 1350. நாற்காலிக்கு 600 போக நடைபாதை 750. ஒரு பக்கக் கவுண்டர்தான் சாத்தியம். இரண்டு பக்கமும் கேட்டால் கணக்கைக் காட்டி மறுத்துவிடுங்கள்.

18 மி.மீ. ப்ளைவுட்டுக்கு இருபுறமும் 1 மி.மீ. மைக்கா ஒட்டினால் 20. பத்துத் தடுப்புகளில் மைக்கா மட்டுமே 20 மி.மீ. தின்றுவிடும், அளவெடுத்துச் செய்த தட்டுகள் உள்ளே போகாது. படத்தில் மைக்காவோடு சேர்ந்த கனத்தையே எழுதுங்கள். பட்டறையில் அங்குலமும் நூலும்தான் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) பேச்சு என்பதால் பக்கத்திலேயே அதையும் குறியுங்கள்.

டஃபன் (சூடாக்கி வலுவூட்டிய) கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு அறுக்கவோ துளையிடவோ முடியாது. பழைய கட்டடங்களில் மூலைகள் செங்கோணத்தில் நிற்பதில்லை. ஆகவே மரவேலை முடிந்தபின், மூலைவிட்டம் இரண்டையும் அளந்துதான் ஆர்டர் கொடுக்க வேண்டும்.

விளக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 3000 கெல்வின் வெளிச்சத்தில் வெள்ளி மஞ்சளடிக்கும், 4000, சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90க்கு மேல் போடுங்கள். விளக்கு வரிசை நடைபாதைக்கு மேல் வந்தால் வாடிக்கையாளரின் தலைநிழல் தட்டில் விழும். விற்பனையாளர் பக்கம் தள்ளினால் கண்ணாடியில் பட்டு எதிரே இருப்பவர் கண்ணில் அடிக்கும். கவுண்டரின் வாடிக்கையாளர் பக்க விளிம்புக்கு நேர் மேலே இருப்பதுதான் சரி. சீலிங் படத்தில் கவுண்டரின் கோட்டைப் புள்ளிக்கோடாகப் போட்டால் எலக்ட்ரீஷியனுக்குக் குழப்பம் வராது. வாசலில் ரோலிங் ஷட்டர் சுருள்கிற உயரத்தையும் அதே தாளில் காட்டுங்கள். மறந்தால் ஃபால்ஸ் சீலிங் அங்கே போய் முட்டும்.

பொருள் பட்டியலில் ஒரு வரி கட்டாயம்: கண்ணாடிப் பெட்டிக்குள் ரப்பர் பீடிங்கும் (விளிம்புப் பட்டை) கம்பளித் துணியும் கூடாது. இரண்டிலிருந்தும் கந்தகம் கசிந்து வெள்ளியைக் கறுக்க வைக்கும். கண்ணாடி ஒட்டும் சிலிகானிலும் புளித்த வாடை அடிக்கும் வகை வேண்டாம், அது அசெட்டிக் அமிலம் விடும். அந்த அமிலம் விடாத நியூட்ரல் வகையைப் பெயரோடு எழுதிக் கொடுங்கள்.