ஐந்துக்கு ஒன்று: கருதுகோளும் கோட்பாடும்

இளநிலை இயற்பியல் இரண்டாம் ஆண்டின் உள்தேர்வு ஒன்றில், கருதுகோளுக்கும் கோட்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கச் சொன்ன ஐந்து மதிப்பெண் வினாவுக்கு, "கருதுகோள் சோதனையில் தேறினால் கோட்பாடாகும்; கோட்பாடு ஐயமறத் தேறினால் விதியாகும்" என்று பதவி உயர்வுப் பட்டியலைப் போல ஒன்றரைப் பக்கம் எழுதி, ஒரே ஒரு மதிப்பெண் வாங்கினேன். விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில், "அப்படியானால் நெப்டியூன் எந்தக் கோட்பாடு?" என்று மட்டும் எழுதியிருந்தார்.

அது விளங்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. யுரேனஸ் கணக்கிட்ட பாதையிலிருந்து விலகிச் செல்வதை ஆராய்ந்த பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே, நியூட்டனின் ஈர்ப்புக் கோட்பாட்டைச் சந்தேகிக்காமல், கண்ணுக்குப் படாத இன்னொரு கோள் அதை இழுக்கிறது என்று கருதி, அக்கோள் இருக்க வேண்டிய இடத்தையும் கணக்கிட்டார். அவருடைய கடிதம் 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லின் வானாய்வகத்துக்கு வந்து சேர, அன்றிரவே அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் யோகான் காலே அந்தக் கோளைக் கண்டுபிடித்தார். அதுதான் நெப்டியூன். கருதுகோள் மெய்யானது, ஆனாலும் அது கோட்பாடாகிவிடவில்லை, உறுதிப்பட்ட ஓர் உண்மையாயிற்று, அவ்வளவுதான். கோட்பாடு என்பது அந்தக் கணக்கையே போட வழிசெய்த, அலையேற்றம் முதல் வால்வெள்ளி வரை பலவற்றை ஒருசேர விளக்கிய ஈர்ப்புக் கோட்பாடு.

இதே லெவெரியே, புதனின் பாதையில் கண்ட சிறு பிசகுக்கும் 1859இல் இதே மருந்தைத்தான் கொடுத்தார். சூரியனுக்கருகே வல்கன் என்றொரு கோள் இருக்கலாம் என்றார். எவ்வளவு தேடியும் அது அகப்படவில்லை. பாகையை 3600 கூறாக்கினால் நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 43 கூறு வரும் அந்தப் பிசகுக்கு, 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் விடை தந்தது. இம்முறை மாற வேண்டியிருந்தது கோட்பாடே.

ஆகவே இவ்வினாவுக்கு விடை எழுதுவோர், வரையறைகளை அடுக்குவதை விட இவ்விரு கோள்களையும் அருகருகே வைத்து எழுதுவது நல்லது. பருவத் தேர்வில் நான் அப்படித்தான் எழுதினேன். விதியை மேற்படியாகக் காட்டும் பிழையையும் தவிர்க்க வேண்டும். கோள்கள் எப்படி இயங்குகின்றன என்று கூறும் கெப்ளரின் விதிகள் 1609இலும் 1619இலும் வெளிவந்தன. அவை ஏன் அப்படி இயங்குகின்றன என்று விளக்கிய நியூட்டனின் கோட்பாடு வந்ததோ 1687இல்.