சங்கு ஊதிருச்சா

4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு, செந்தூல், கோலாலம்பூர்
போன வாரம் ஒரு ஆஸ்பத்திரில அப்பாவுக்கு ஞாபக டெஸ்ட் எடுத்தாங்க, 30க்கு 11. அன்னையில இருந்து மனசே சரியில்ல. கேள்வி எல்லாம் மலாய்ல, இன்னைக்கு என்ன கிழமை, நூறுல இருந்து ஏழு ஏழா கழிங்க, மூணு சாமான் பேரு சொல்லிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப கேக்குறது, அப்பா என் முகத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. இங்க ரயில்வே ஒர்க்‌ஷாப்புல பிட்டரா இருந்து 55ல பென்ஷன் வாங்குனவரு, மலாய்ல சண்டையே போடுவாரு, இங்கிலீஷ்ல லெட்டர் எழுதுவாரு. இப்ப ரெண்டும் போயிருச்சு, தமிழ் மட்டும்தான் நிக்குது. பின்னால கத்துக்கிட்ட பாஷை முதல்ல நழுவுறது இந்த மறதி நோயில நிறைய பேருக்கு நடக்குதாம். தமிழ்ல கேளுங்கன்னு நான் அங்கயே சொல்லியிருக்கணும், பின்னாடி அத்தனை பேர் காத்திருந்தாங்க, வாய் வரல.

13 ஆகஸ்ட், செவ்வாய்
வேற டாக்டர், தமிழ் பேசுறவங்க. அதே கேள்வி தமிழ்ல, 16 வந்துச்சு. நோய் இருக்குறது இருக்குதான், மூளைக்குப் போற சின்ன ரத்தக்குழாய்ங்க அங்கங்க அடைச்சிருக்காம், இருபது வருஷ சக்கரையும் பிரஷரும் பண்ண வேலை. மலேசியாவோட 2019 தேசிய சுகாதார ஆய்வுல, 18 வயசும் அதுக்கு மேலயும் உள்ள நம்ம இந்தியர்கள்ல 31.4 விழுக்காடு பேருக்கு சக்கரை, அப்ப எத்தனை வீட்டுல இது வரப்போகுதோ. ஆனா அந்த அஞ்சு மார்க், அது மறதியே இல்ல, பாஷை.
காதும் பாத்தாங்க. அத்தனை வருஷம் இரும்பு சத்தத்துலயே நின்னவரு. போன மாசக் கடைசில வந்த லான்செட்ங்கிற மருத்துவ இதழோட கமிஷன் அறிக்கைல மறதி நோய்க்கு தடுக்கக்கூடிய 14 காரணம் போட்டிருக்காங்க, காது மந்தமும் அதுல ஒண்ணு. கருவி வாங்க எழுதிக் குடுத்திருக்காங்க. மாமா போன்ல செய்வினைங்கிறாரு, பத்துமலைக்கு கூட்டிட்டு போங்கிறாரு. போவோம், மாத்திரையும் குடுப்போம்.

8 செப்டம்பர், ஞாயிறு
நான் வேலைக்குப் போனா அப்பாவ பாத்துக்க இந்தோனேசியா மேடான்ல இருந்து ஒரு பொண்ணு வந்திருக்கா. பொறுமையான பொண்ணு. ஆனா அவ "டூடுக், பாக்", அதாவது உக்காருங்கப்பான்னா, அப்பா எந்திரிச்சு நிக்கிறாரு, குளிக்க வைக்கப் போனா கைய தட்டி விடுறாரு. முரட்டுக் கிழவர்னு பக்கத்து வீட்டுல பேச்சு. யாரோ தெரியாத ஆள் வந்து புரியாத பாஷையில பேசிக்கிட்டே சட்டைய கழட்டுனா நான் கூடத்தான் தட்டி விடுவேன்.
நேத்து ராத்திரி உக்காந்து ரூமி எழுத்துல, அதான் இங்கிலீஷ் எழுத்துல, தமிழ் வார்த்தை எழுதி பிரிட்ஜுல ஒட்டிட்டேன். உக்காருங்க, வலிக்குதா, பசியாறலாமா, சட்டைய கழட்டட்டுமா. அவ ஊர்லயும் தமிழாளுங்க இருக்காங்களாம், கோயில் பாத்திருக்காளாம், சத்தம் போட்டு படிச்சுப் பாக்குறா. இன்னைக்கு காலையில "பசியாறலாமா"ன்னு கேட்டா, அப்பா "நீ பசியாறிட்டியா"ன்னு திருப்பி கேட்டாரு. ரொம்ப நாளாச்சு அவர் ஒருத்தர இப்படி கேட்டு.

27 செப்டம்பர், வெள்ளி
பொழுது சாயுற நேரம் அப்பாவுக்கு ஆகாது, செருப்ப மாட்டிக்கிட்டு கேட்டைப் புடிச்சு ஆட்டுவாரு, சங்கு ஊதிருச்சான்னு. ஷிப்டுக்கு போறாராம். பாவம் அந்தப் பொண்ணு, சங்குன்னா என்னன்னு தாள் பூரா தேடியிருக்கா, நான் எழுதவே இல்ல. வீடியோ கால்ல அழுதா. ஒர்க்‌ஷாப் சைரன்மா அது, "இன்னும் ஊதல, தண்ணி குடிச்சிட்டு போலாம்"னு சொல்லுன்னேன். பொய்யும் இல்ல, அந்த சங்கு ஊதி எத்தனையோ வருஷம் ஆச்சு.
ஏழு மணிக்கு நான் வரும்போது செருப்பு வாசல்ல கிடக்கு, ரெண்டு பேரும் மேசையில. அவ "இன்னும் ஊத்தல பா"ங்குறா, அப்பா கிளாஸ கீழ வச்சிட்டு, "ஊத்தல இல்லம்மா, ஊதல. சொல்லு, ஊதல."