ஹவானாவின் கூரைகள்

கியூபாவுக்குப் போய்வந்தேன் என்று சொன்னால் மயிலாப்பூரில் எல்லோரும் கேட்பது வரதேரோ கடற்கரையைப் பற்றித்தான். அது அழகான கடற்கரை, மறுக்கவில்லை. ஆனால் பழைய ஹவானாவின் வீடுகளைப் பற்றிச் சொல்லாமல் என்னால் கடலுக்குப் போக முடியாது. பணி ஓய்வு பெறும்வரை கட்டடங்களின் தாங்குதிறனைக் கணக்கிடுவதே என் வேலையாக இருந்தது. ஜார்ஜ் டவுனில் தம்பு செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் நூறாண்டு கண்ட வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுவதைப் பார்த்துப் பார்த்து நொந்திருக்கிறேன். அந்த நோவோடுதான் ஹவானாவில் நடந்தேன்.

டொராண்டோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். குளிர்காலத்தில் கனடாக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கியூபாவுக்குப் பறக்கிறார்கள், நாங்களும் சேர்ந்துகொண்டோம். அமெரிக்க வங்கிகளின் அட்டை அங்கே செல்லாது என்பதால் யூரோ நோட்டுகளாகவே எடுத்துப் போனோம்.

ஹவானா 1519இல் உருவான ஊர். அதன் பழைய பகுதியை 1982இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே ஒரு குடும்பத்தின் வீட்டிலேயே அறை எடுத்தோம். சுற்றுலாப் பயணிகளுக்கு இப்படி அறை வாடகைக்கு விடும் வீடுகள் அந்த ஊரில் ஏராளம். காலையில் கண் விழித்ததும் என் பார்வை கூரைக்குத்தான் போனது. மர உத்தரங்கள் வரிசையாக ஓடின. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் ஊர் மெட்ராஸ் டெரஸ் நினைவுக்கு வந்தது. தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டமாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் இறுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடைசியில் தட்டையான ஓடுகளைப் பதிப்பார்கள். நல்ல கொத்தனார் கட்டிய டெரஸுக்கு மழைநீர் புகாமல் பார்த்துக்கொண்டால் போதும், தலைமுறைகளைத் தாண்டி நிற்கும். ஹவானாவின் கட்டுமுறை வேறு. ஆனாலும் உயரமான கூரை, தடித்த சுவர், நடுவில் திறந்த முற்றம் என்று வெப்பத்துக்கு அவர்கள் கண்ட விடை எங்கள் விடையேதான்.

அந்த வீட்டு அம்மாள் அறைக்குள்ளேயே ஒரு மரப்படிக்கட்டைக் காட்டினார். ஏறிப் பார்த்தால் பாதி உயரத்தில் பலகைத் தளம், அதில் ஒரு குடும்பத்தின் கட்டிலும் பெட்டிகளும். இதை அங்கே பார்பகோவா என்கிறார்கள். வீடு கிடைக்காத நகரத்தில் மக்கள் கூரையின் உயரத்தைப் பிளந்து இரண்டு மாடியாக்கிக்கொண்டார்கள். பழைய சுவர் அந்தப் பாரத்துக்காகக் கட்டப்பட்டதல்ல. உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கிறது, மழையில் சாந்து கரைகிறது, மேலே எடை கூடுகிறது. ஒரு நாள் சரிகிறது. பழுதுபார்த்துவைத்த சதுக்கங்களிலிருந்து இரண்டு தெரு தள்ளினாலே முட்டுக்கொடுத்த பால்கனிகளைப் பார்க்கலாம். அவற்றின் கீழே நடக்க எனக்கு மனம் வரவில்லை. மகளையும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

அப்படியிருந்தும் அந்த ஊரைப் பாராட்டக் காரணம் இருக்கிறது. நகர வரலாற்றாளர் என்றே அங்கே ஒரு பதவி உண்டு. 1967 முதல் பல பத்தாண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தவர் எவுசேபியோ லெயால், 2020இல் காலமானார். சோவியத் உதவி நின்று நாடே தவித்த 1993இல், பழைய நகரில் விடுதிகளும் உணவகங்களும் நடத்தி, வரும் பணத்தை மறுசீரமைப்புக்கே செலவிடும் அதிகாரம் அவருடைய அலுவலகத்துக்குக் கிடைத்தது. பிளாசா பியேஹா சதுக்கத்தில் 1950களில் நிலத்தடி வாகன நிறுத்துமிடம் கட்டிச் சதுக்கத்தையே சிதைத்திருந்தார்கள். 1990களில் அந்தக் கான்கிரீட்டை உடைத்தெறிந்து பழைய சதுக்கத்தை மீட்டார்கள். இப்போது அதன் ஓரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி இயங்குகிறது. சீருடைப் பிள்ளைகள் சதுக்கத்தில் ஓடுகிறார்கள், மாடியில் துணி காய்கிறது. சேப்பாக்கத்தில் ஹுமாயூன் மகாலைப் பொதுப்பணித்துறை அருமையாக மீட்டெடுத்தபோது நான் மகிழ்ந்தேன். அதே கவனம் ஆள் குடியிருக்கும் ஒரு சாதாரண வீட்டுக்கும் கிடைக்க வேண்டும் என்று அந்தச் சதுக்கத்தில் நின்றபோது ஏங்கினேன்.

துறைமுக வாயிலில் மோரோ கோட்டை. ஊர் அப்போது ஸ்பெயின் வசம் இருந்தது. 1762இல் பிரிட்டிஷ் படை அதன் அடியில் பாறையைக் குடைந்து, வெடிமருந்து வைத்துத் தகர்த்து நுழைந்தது. ஆகஸ்டில் ஹவானா வீழ்ந்தது. அதே ஆகஸ்டில் நம் சென்னையிலிருந்து ஒரு படை கப்பலேறிப் போய், ஸ்பெயினின் கீழைத் தலைநகரான மணிலாவை அக்டோபரில் பிடித்தது. அதில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். தலைமை தாங்கிய வில்லியம் டிரேப்பர், அதற்குச் சில ஆண்டுகள் முன் பிரெஞ்சுக்காரர்களின் முற்றுகையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் காத்தவர்களில் ஒருவர். 1763இல் புளோரிடாவைக் கொடுத்து ஸ்பெயின் ஹவானாவைத் திரும்பப் பெற்றது. சென்னையும் அப்படிக் கைமாறிய ஊர்தான்: 1746இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள், வட அமெரிக்காவில் லூயிபர்க் கோட்டைக்கு ஈடாக 1749இல் திரும்பி வந்தது. கோட்டை மதிலில் நின்று இதையெல்லாம் என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இரவு ஒன்பது மணிக்கு அருகிலுள்ள கபானியா கோட்டையில் பீரங்கி முழங்கியது. நகர வாயில்களை மூடும் காலத்து வழக்கத்தை இன்றும் விடவில்லை.

வரதேரோ போகும் வழியில் பக்குனயாகுவா பாலம். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து நூறு மீட்டருக்கும் மேல் உயரம், 1959இல் திறந்தது, கியூபப் பொறியாளர்களே வடிவமைத்தது. வண்டியை நிறுத்தச் சொல்லிக் கீழே வளைந்திறங்கும் அந்தக் கான்கிரீட் வில்லைப் பார்த்து நின்றேன். “அம்மா, கடல் காத்திருக்கிறது, வா” என்றாள் மகள்.

கடல் உண்மையிலேயே காத்திருந்தது. சுமார் இருபது கிலோமீட்டர் நீளும் தீபகற்பம், வெள்ளை மணல், முழங்கால் ஆழத்திலேயே நெடுந்தூரம் நடக்கலாம். மெரினாவில் அலையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் என் கணவர் இங்கே கழுத்தளவு நீரில் மணிக்கணக்காக நின்றார். எங்கள் மெரினாவின் அகலம் துறைமுகம் கட்டிய பிறகு வந்தது. வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்துத் தெற்கே சேர்த்தது, ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. ரிசார்ட்டில் கையில் பட்டை கட்டிவிட்டால் சாப்பாடெல்லாம் அறைக் கட்டணத்திலேயே அடக்கம். கறுப்பு அவரையும் சோறும், வாழைக்காய் வறுவலும், பூண்டு போட்ட மரவள்ளிக்கிழங்கும் இருக்க எனக்கு வேறென்ன வேண்டும்? ஆனாலும் சொந்த நாட்டவர் இப்படிப்பட்ட விடுதிகளில் தங்க 2008 வரை தடை இருந்தது என்பது அங்கே இருந்தவரை என்னை உறுத்தியது.

ஜார்ஜ் டவுனிலோ திருவல்லிக்கேணியிலோ உங்கள் குடும்பத்துக்கு மெட்ராஸ் டெரஸ் வீடு இருந்து, இடிக்க முடிவு செய்திருந்தால், ஒப்பந்தக்காரர் வருவதற்கு முன் எனக்குச் சொல்லியனுப்புங்கள். கூரையை அளந்து வரைபடம் எடுத்துக்கொள்கிறேன். நிறுத்திவைக்க வழியிருந்தால் அதையும் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம்.