மாத்திரை இல்லாமல் பிரஷர் எவ்வளவு இறங்கும்? எனக்கு நடந்தது

சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் வைத்து மட்டுமே எனக்குப் பிரஷர் இறங்கியது, ஆனால் இறங்க வேண்டிய இடம்வரை இறங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "மாத்திரையே தொடாமல் சரி பண்ணிவிட்டேன்" என்பவர்களும் "அதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்பவர்களும்தான் சத்தமாகப் பேசுகிறார்கள், நடுவில் நிற்கிற என்னைப் போன்றவர்கள் பேசுவதே இல்லை.

ஆரம்பத்தில் என் அளவு 152/96 பக்கம் இருந்தது. சிறுநீரகம், சர்க்கரை, ஈசிஜி எல்லாம் பார்த்ததில் பாதிப்பு எதுவும் தெரியவில்லை, அதனால் மாத்திரைக்கு முன்னால் 3 மாதம் முயற்சி செய்து பார்க்கிறேன் என்றபோது டாக்டர் சரி என்றார். வீட்டில் அளந்து எழுதிக்கொண்டு வர வேண்டும், நடுவில் ஏறினால் காத்திருக்காமல் வந்துவிட வேண்டும், இவ்வளவுதான் நிபந்தனை. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், அளவு மிக அதிகமாக இருப்பவர்கள், இவர்களுக்கு இப்படி அவகாசம் தர மாட்டார்கள். தராததுதான் நியாயம்.

அளப்பதற்கே ஒரு ஒழுங்கு வேண்டியிருந்தது. காபி, சிகரெட், உடற்பயிற்சி முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், சிறுநீர் கழித்துவிட்டு முதுகைச் சாய்த்து, கால் தரையில் படும்படி 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டுகிற கருவியைவிட மேல் கையில் சுற்றுவது நம்பகமானது, அந்தப் பட்டையும் நம் கைக்குச் சரியான அளவில் இருக்க வேண்டும், சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, ஒரு வாரத்துச் சராசரி. ஒற்றை அளவைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம்.

அடுத்து உப்பு. நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சமையலில் போடுவதைக் குறைத்தால் போதும் என்று நினைப்போம், ஆனால் பாக்கெட்டுகளைத் திருப்பிப் படித்தபோதுதான் எனக்குச் சங்கதி புரிந்தது. பிரெட், சாஸ், உடனடி நூடுல்ஸ், சிப்ஸ் எல்லாவற்றிலும் சோடியம். லேபிளில் சோடியம் என்று போட்டிருப்பதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு வரும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு, கிட்டத்தட்ட நாள் கணக்கில் பாதி ஒரே பாக்கெட்டில் முடிந்தது. முதல் சில வாரம் எதைச் சாப்பிட்டாலும் சப்பென்று இருந்தது, அப்புறம் நாக்கு பழகிவிட்டது. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு விற்கிறார்கள், நல்லதுதான், ஆனால் சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ சில வகைப் பிரஷர் மாத்திரைகள் சாப்பிட்டாலோ ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஆபத்தாகலாம், கேட்காமல் வாங்காதீர்கள்.

உப்பு மட்டும் அல்ல, தட்டில் எது கூடுகிறது என்பதும் முக்கியம். 1997-ல் வெளியான டேஷ் (DASH) என்ற உணவுமுறை ஆய்வில் உப்பின் அளவை மாற்றாமலேயே காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் ஆகியவற்றைக் கூட்டி, மொத்தக் கொழுப்பைக் குறைத்ததில், உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் அளவு (152/96 என்பதில் 152 மாதிரி முதலில் வரும் எண்) சராசரியாக 11 புள்ளி இறங்கியது. எடை குறைந்தால் கிலோவுக்குச் சுமார் ஒரு புள்ளி என்பார்கள், எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

நடை வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில். இதில் ஒரு வேடிக்கை, நடக்க ஆரம்பித்ததும் முழங்கால் வலி வந்தது, அதற்கு ஐபுப்ரோஃபன் போட்டேன், எழுதி வைத்த அளவுகள் ஏற ஆரம்பித்தன. அந்த வகை வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும் என்று டாக்டர் சொன்னதும் நிறுத்திவிட்டு, கொஞ்ச நாள் சைக்கிளுக்கு மாறினேன்.

3 மாத முடிவில் வீட்டுச் சராசரி 138/88-க்கு வந்தது. நல்ல இறக்கம்தான், ஆனால் வீட்டில் அளக்கும்போது 135/85-க்குக் கீழே இருக்க வேண்டும். உப்புக்கு இவ்வளவு, எடைக்கு இவ்வளவு, நடைக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் படித்த புள்ளிகளைக் கூட்டிப் போட்ட என் கணக்கில் இன்னும் நிறைய இறங்கியிருக்க வேண்டும், உடம்பு அப்படிக் கூட்டிக் கொடுப்பதில்லை. போதாததற்கு என் அப்பா அம்மா இருவருக்கும் பிரஷர். இன்னும் கொஞ்ச நாள் இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன், டாக்டர் பதிலுக்கு என் நோட்டைத் திருப்பிக் காட்டினார்: கடைசி சில வாரங்களாக அளவு நகரவே இல்லை.

குறைந்த அளவில் ஒரே ஒரு மாத்திரை ஆரம்பித்தார். இப்போது 124/78 பக்கம் நிற்கிறது. உப்பைக் குறைத்தவர்களுக்குச் சில மாத்திரைகள் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்பதால் பழைய பத்தியமும் வீண் போகவில்லை. எடை இன்னும் குறைந்து, அளவும் இப்படியே நின்றால் மாத்திரையைக் குறைத்துப் பார்க்கலாம் என்கிறார். நானாக நிறுத்தும் எண்ணம் இல்லை, சில மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் பிரஷர் முன்னைவிட வேகமாக ஏறும்.