கைப்பெட்டி மேல் ஒரு கைக்கணினி: வீசமும் முந்திரியும் எழுத நான்கு மாதம்

நேற்று மாலை ஐயா (என் தாத்தா) வாசிக்க வாசிக்க, பேரேட்டில் ஒரு பக்கம் முழுவதையும் ஒரு பழைய நோக்கியா கைப்பேசியில் இடையில் நிறுத்தாமல் தட்டச்சு செய்து முடித்தேன். பதினேழு வரி. ரூபாயும் அணாவும் வட்டியும் பழைய குறிகளிலேயே ஏறியிருக்கின்றன. இந்த ஒரு பக்கத்துக்காக மாசியில் தொடங்கிய வேலை, ஆனி பிறந்த பிறகுதான் ஒரு வழிக்கு வந்தது. நினைவு கலையும் முன் எழுதி வைக்கிறேன்.

தேவகோட்டையில் என் ஆயா வீட்டுப் பெட்டக அறையில் ஆறு பேரேடுகள் இருக்கின்றன. ஐயாவின் அப்பச்சி (எங்கள் வழக்கில் அப்பா) பர்மாவில் லேவாதேவி நடத்திய காலத்துக் கணக்கு. யுத்தத்தில் கடையும் நிலமும் போயின. இந்தப் பேரேடுகள் ஊர் வந்து சேர்ந்தன. அவற்றை வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் இன்று ஐயா ஒருவர்தான். அவருக்கு வயது 88. எண்சுவடி என்ற பழைய வாய்பாட்டு நூலைச் சிறுவயதில் மனப்பாடம் செய்த தலைமுறை அவருடையது.

அறைக்குள் வெளிச்சம் போதாது என்பதால் ஏட்டை வளவுக்கு (வீட்டின் நடு முற்றப் பகுதிக்கு) எடுத்துவந்து, கணக்கெழுதும் பழைய கைப்பெட்டியின் மேல் விரித்து, இருவரும் தரையில் அமர்ந்து பார்ப்போம். கைப்பெட்டியின் மூடி சரிவானது. மடிக்கணினியை வைத்தால் வழுக்கி வருகிறது, மடியில் வைத்தால் ஏடு மறைகிறது. தொடுதிரைக் கைப்பேசியிலோ பாதித் திரையை விசைப்பலகையே எடுத்துக்கொள்கிறது. அப்போதுதான் நோக்கியா என்900 நினைவுக்கு வந்தது. 2010-ல் சிங்கப்பூரிலிருந்து அத்தான் கொண்டுவந்து கொடுத்தது. பல வருடங்களாக அலமாரியில் கிடந்தது. மூன்றரை அங்குலத் திரை. அதை மேலே தள்ளினால் கீழே மூன்று வரிசையில் உண்மையான விசைகள். இரண்டு கட்டைவிரல் போதும். கைப்பெட்டியின் விளிம்பில் அடங்கி நிற்கிறது.

அதில் இருந்த மேமோ 5 இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது, லினக்ஸ்தான். ஆனால் அதன் உலகம் எப்போதோ நின்றுவிட்டது. இன்றைய இணையதளங்கள் பலவற்றோடு அதனால் பேசக்கூட முடியவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய தடை வேறு. தமிழ்க் கணக்குக் குறிகளில் நாள் ௳, மாதம் ௴, வருடம் ௵, பற்று ௶, வரவு ௷, ரூபாய் ௹ ஆகியவை, கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரமான யூனிகோடின் 2003-ல் வெளியான 4.0 பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டன. பின்னக் குறிகள் அப்போது வரவில்லை. முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20), வீசம் (1/16), அரைக்கால் (1/8) ஆகியவற்றோடு, நெல் அளக்கும் குறுணி, பதக்கு, பழைய நாணயமான வராகன் வரைக்கும் சேர்த்து 51 குறிகள் 2019-ல் யூனிகோட் 12.0 வெளியானபோதுதான் ‘தமிழ் இணைப்பு’ என்ற தனிப் பகுதியாக வந்தன. எங்கள் பேரேட்டில் அவை இல்லாத வரியே கிடையாது. ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆகவே ஓர் அணாவுக்கு வீசக் குறி, இரண்டணாவுக்கு அரைக்கால், நாலணாவுக்குக் கால் என்று எழுதியிருக்கிறார்கள். இதைத் தசமத்தில் மாற்றி எழுதினால் தொகை சரியாக இருக்கும். கணக்கு எழுதியவரின் கை அதில் இருக்காது. நான் விரும்பியது அந்தக் கையை அப்படியே பெயர்த்து எழுத.

முதல் சுற்று: போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ்

மேமோவுக்குப் பதிலாக முதலில் முயன்ற இந்த இயங்குதளம் அல்பைன் லினக்ஸின் மேல் கட்டப்பட்டது; பழைய கைக்கருவிகளுக்கு ஆயுள் நீட்டிப்பதே அதன் நோக்கம். என்900-ன் நினைவகம் வெறும் 256 எம்பி, செயலி 600 மெகாஹெர்ட்ஸ். எனவே எடை குறைந்த ஒன்றிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று பட்டது. வீட்டுக் கணினியில் அதற்கான படிமத்தைத் தயார் செய்து, மைக்ரோ எஸ்டி அட்டையில் எழுதினேன். கருவிக்குள் இருக்கும் மேமோவைத் தொடவில்லை. அட்டையிலிருந்து வேறொன்றைத் துவக்கிப் பார்ப்பதில் இழப்பு எதுவும் இல்லை என்பதுதான் இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

அட்டையிலிருந்து துவங்குவதற்கு யு-பூட் என்ற துவக்கி வேண்டும். பேட்டரி போட்டு, கருவியை அணைத்து, விசைப்பலகையில் யு விசையை அழுத்திப் பிடித்தபடி யுஎஸ்பி கம்பியைச் செருகினால் பதிவேற்றத்துக்குத் தயாராகிவிடும். முதலில் யு-பூட்டை நிரந்தரமாகப் பதிக்காமல், நினைவகத்தில் மட்டும் ஏற்றிச் சோதித்தேன்.

துவக்கி வந்தது. இயங்குதளத்தின் கருவான கெர்னல் ஏறியது. பிறகு, மூலக் கோப்பகம் இருக்கும் அட்டையைக் காணவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. நான்கு இரவுகள் இதே இடம். அட்டையை மாற்றினேன், வேறு நிறுவனத்தின் அட்டை வாங்கினேன், படிமத்தைத் திரும்பத் திரும்ப எழுதினேன். கெர்னலை எடுத்தது அதே அட்டையிலிருந்துதானே, அடுத்த நொடியே அட்டை எப்படிக் காணாமல் போகும் என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

காரணம் பின்மூடி. அட்டையின் இடம் பின்மூடிக்கு அடியில் இருக்கிறது. மூடியில் ஒரு சிறிய காந்தம், கருவியில் அதை உணரும் உணரி. மூடி திறந்திருந்தால் அட்டை வெளியே எடுக்கப்பட்டுவிட்டது என்று கெர்னல் முடிவு செய்கிறது. அட்டையை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்ததால் நான் மூடியைக் கழற்றிப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். யு-பூட் அந்த உணரியைப் பொருட்படுத்தாமல் அட்டையைப் படித்துவிட்டது, கெர்னல் பொருட்படுத்தியது. மூடியைப் போட்டேன், ஒரே நிமிடத்தில் உள்நுழைவுத் திரை. யாராவது இதே கருவியில் முயன்றால், வேறு எதைச் செய்வதற்கு முன்னும் மூடியை மூடுங்கள்.

அடுத்து இணையம். இதன் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். எங்கள் வீட்டுச் சுவரின் கனம் தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டாம். முகப்பில் இருக்கும் மோடத்தின் அலை வளவின் முதல் தூணைத் தாண்டுவதில்லை. நல்லவேளையாக யுஎஸ்பி கம்பியே வலையமைப்பாக மாறிவிடுகிறது: 172.16.42.1 என்ற முகவரிக்குக் கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (வேறு கருவிக்குள் நுழைந்து கட்டளையிடும் வழி) மூலம் போய்விடலாம். ஆனாலும் மென்பொருள்களைத் தரவிறக்கும்போது சான்றிதழ் செல்லாது என்ற பிழையே வந்தது. பார்த்தால் கருவியின் தேதி 1970. உள்ளே கடிகாரத்துக்கென இருக்கும் சின்னஞ்சிறு மின்கலம் இத்தனை வருடத்தில் தீர்ந்துபோயிருக்கிறது. பெரிய பேட்டரியைக் கழற்றும்போதெல்லாம் காலம் பின்னோக்கிப் போய்விடுகிறது. தேதியைக் கையால் சரிசெய்ததும் எல்லாம் இறங்கின.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. பிஎல்-5ஜே வகை, வேறு பல மாடல்களிலும் இதுவே இருந்ததால் காரைக்குடிக் கடையில் இன்றும் கிடைத்தது. என் கருவியின் யுஎஸ்பி வாய் வயதாகித் தளர்ந்திருப்பதால், பேட்டரியைத் தனியே கழற்றி மாட்டிச் சார்ஜ் ஏற்றும் யுனிவர்சல் சார்ஜர் ஒன்றையும் வாங்கிக்கொண்டேன். இரண்டு பேட்டரி, ஒன்று ஓட ஒன்று ஏற. இந்தச் செலவு அவசியம்.

போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் அழகாக ஓடியது. ஐ3 சாளர மேலாளருடன் துவங்கியபின் 70 எம்பி அளவுதான் எடுத்துக்கொண்டது. நோட்டோ சான்ஸ் தமிழ், அதோடு தனியாக நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற எழுத்துருவையும் போட்டேன். வீசக் குறி முதன்முறையாக அந்தத் திரையில் தெரிந்த இரவு, ஐயாவை எழுப்பிக் காட்டலாமா என்று யோசித்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

காட்டுவது ஒன்று, எழுதுவது வேறு. தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் புள்ளியும் துணைக்காலும் தாமாக வந்து அமர வேண்டும். அதற்கு வெறும் விசை மாற்றம் போதாது, எம்17என் போன்ற உள்ளீட்டு நூலகம் தேவை. அல்பைனில் அதைப் பொருத்தும் வழி எனக்குக் கைகூடவில்லை. நானே தொகுத்துப் பார்த்தேன், பங்குனி முழுவதும் அதிலேயே போனது. ஓட்டத்தில் இதை விஞ்ச எதுவும் இல்லை என்று தெரிந்தும் அட்டையை எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. வருத்தமாகவே இருந்தது.

இரண்டாம் சுற்று: மேமோ லெஸ்டே

இது பழைய மேமோவின் முகத்தை, டெபியனிலிருந்து பிரிந்த டெவுவான் லினக்ஸின் உடலில் பொருத்தும் திட்டம். அதே ஹில்டன் திரை, அதே நகரும் முகப்புகள். அடியில் இன்றைய மென்பொருள்கள். டெவுவான் என்பதால் டெபியனின் களஞ்சியம் கிட்டத்தட்ட முழுவதும் கைக்கு வந்துவிடுகிறது. உள்ளீட்டு முறைகளை நடத்தும் ஐபஸ், எம்17என் இரண்டும் ஒரே கட்டளையில் இறங்கின.

வேகம் குறைவு. மறுக்க மாட்டேன். நினைவகத்தின் ஒரு பகுதியைச் சுருக்கிப் பயன்படுத்தும் இசட்ரேம் இல்லாமல் இது நகராது. எழுதும் செயலி திறக்க இருபது விநாடிக்கு மேல் ஆகிறது. திறந்த பிறகு என் விரல் வேகத்துக்கு ஈடு கொடுக்கிறது, அது போதும்.

இங்கே யு-பூட்டைப் பற்றி இன்னொன்று தெரிந்துகொண்டேன். இந்தச் செயலியில் 430973 என்ற எண்ணிட்ட வன்பொருள் பிழை ஒன்று உண்டு. தம்ப்-2 என்ற சுருக்கக் கட்டளை வகையில் தொகுக்கப்பட்ட நிரல்கள், அதாவது இன்றைய டெபியன் வகை மென்பொருள்கள், ஒரு குறிப்பிட்ட பிட் ஏற்றப்படாவிட்டால் காரணமே தெரியாமல் செத்து விழும். யு-பூட் துவங்கும்போதே அந்தப் பிட்டை ஏற்றிவிடுகிறது. இதைப் படித்த அன்றே அதை நிரந்தரமாகப் பதித்துவிட்டேன். அதன் இயல்பான வரிசையும் எனக்குப் பொருந்திவந்தது: விசைப்பலகை மூடியிருக்கும் நிலையில் கருவியை இயக்கினால் பழைய மேமோ; திறந்து வைத்து இயக்கினால் அட்டையில் இருக்கும் லெஸ்டே.

இப்போது விசைகள். தமிழ்99-ல் ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் ஆங்கில எழுத்துகளுக்கு வெளியே, அடைப்புக்குறி முதலிய நிறுத்தக்குறிகளின் மேல் இருக்கின்றன. என்900-ன் மூன்று வரிசையில் அந்த விசைகளுக்கு இடமில்லை. ‘ய’ இல்லாமல் ‘ரூபாய்’ எழுத முடியாது, ‘ச’ இல்லாமல் ‘செட்டியார்’ எழுத முடியாது. ஆகவே விசைகளுக்கு எழுத்துகளை ஒதுக்கும் எக்ஸ்கேபி-யில் ஆர்எக்ஸ்-51 என்ற பெயரில் (இந்தக் கருவியின் உட்பெயர்) இருக்கும் விசை அமைப்பைப் படியெடுத்து, நீல அம்பு விசையோடு வரும் எனக்குத் தேவையற்ற குறிகளை அகற்றி, அந்த ஐந்தையும் வலது கட்டைவிரல் எட்டும் இடத்தில் வைத்தேன். முதல் வாரம் தடுமாற்றம். இரண்டாம் வாரம் விரல் பழகிவிட்டது.

பின்னக் குறிகளுக்கு எம்17என்-ன் தமிழ்99 கோப்பை என் கோப்பகத்தில் படியெடுத்துச் சில வரிகள் சேர்த்தேன். காற்புள்ளியை இருமுறை தட்டி 16 என்றால் வீசம், 20 என்றால் மா, 320 என்றால் முந்திரி. 8 என்று தட்டியதும் அரைக்கால் தோன்றும். தொடர்ந்து 0 தட்டினால் அது காணியாக மாறிவிடும். 320 ஏன் என்று ஐயாவிடம் கேட்டேன்.

“பதினாறும் இருபதும் பெருக்கிப் பார்,” என்றார்.

பெருக்கினால் 320. ஒரு வீசத்தில் இருபது முந்திரி, ஒரு மாவில் பதினாறு முந்திரி. பதினாறால் வகுக்கும் வரிசையும் இருபதால் வகுக்கும் வரிசையும் மிச்சமில்லாமல் ஒரே குறியில் வந்து கூடுகின்றன. வட்டிக் கணக்கில் இது எவ்வளவு உதவியிருக்கும் என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்றைய பக்கத்தை முடித்ததும் கருவியை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரையை முகத்தருகே கொண்டுபோய், ஏட்டில் விரலை வைத்து வரி வரியாக ஒப்பிட்டார். பதினொன்றாம் வரியில் நின்றார்.

“இது அரைக்கால் இல்லை அப்பா, மூன்று வீசம். இரண்டணா இல்லை, மூன்றணா. கீழே தொகையைக் கூட்டு, தெரியும்.”

கூட்டினேன். ஓர் அணா உதைத்தது. திருத்தி அவரிடமே காட்டினேன். தலையசைத்துவிட்டு, அந்த வரிக்குரிய பெயரை ஒருமுறை வாசித்தார். அவருடைய அப்பச்சியிடம் அடுத்தாளாக (கடை உதவியாளாக) இருந்தவரின் பெயர் அது என்றார்.

முதல் பேரேட்டில் இன்னும் 143 பக்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் கோப்பை யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு எடுத்துவைக்கிறேன். அட்டையை மட்டும் நம்பவில்லை. நாளைக் காலை ஆறரைக்கு வரச் சொல்லியிருக்கிறார் ஐயா. வெயில் ஏறும் வரை வளவில் வெளிச்சம் நன்றாக இருக்கும்.