தக்காளிச் செடியை முப்பரிமாணத்தில் பிடித்த அனுபவம்

தக்காளிச் செடியின் இலைப்பரப்பு வாராவாரம் எவ்வளவு கூடுகிறது என்று, இலையைப் பறிக்காமல் அறிய விரும்பினேன். கையில் ஒரு சாதாரண கேமராவும், பல கோணங்களில் எடுத்த படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி அமைக்கும் கோல்மேப் என்ற இலவச மென்பொருளும் இருந்தன.

ஒரே புள்ளி படத்துக்குப் படம் எவ்வளவு இடம் மாறித் தெரிகிறது என்பதை வைத்து, கேமரா நின்ற இடங்களையும் புள்ளி இருக்கும் இடத்தையும் மென்பொருள் சேர்த்தே கணக்கிடுகிறது. பொருள் அசையாமல் நிற்க வேண்டும் என்பது இதற்கு நிபந்தனை. சிலை நிற்கும், செடி நிற்குமா? மின்விசிறியை அணைத்து ஜன்னலைச் சாத்தினாலும், இலைகள் காலையில் ஒரு சாய்விலும் இரவில் வேறு சாய்விலும் இருக்கும். வாடிய இலையோ தண்ணீர் கண்டதும் நிமிரத் தொடங்கிவிடும். அதனால் முன்கூட்டியே தண்ணீர் ஊற்றிவிட்டு, எப்போதும் ஒரே வேளையில், நடுவில் நிறுத்தாமல் எடுத்து முடிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

செடியைச் சுழல்மேசையில் வைத்துத் திருப்புவது வசதி என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் இலைகள் ஆடும். பின்னால் அசையாமல் நிற்கும் சுவரைப் பார்த்து, கேமரா நகரவே இல்லை என்று மென்பொருள் முடிவுகட்டவும் கூடும். நானே செடியைச் சுற்றி வந்தேன்: தாழ்வாக ஒரு சுற்று, இலை மட்டத்தில் ஒன்று, மேலிருந்து ஒன்று. அடுத்தடுத்த படங்களில் பெரும்பகுதி பொதுவாக இருக்கும்படி சிறு சிறு அடியாக நகர்ந்தேன். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் தானியங்கியில் விடவில்லை.

பச்சை இலைகள் ஒன்றைப் போலவே ஒன்று இருப்பதால் மென்பொருள் திணறும். தொட்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்தேன். எழுத்துகள் நிறைந்த அந்தத் தாளைப் பற்றிக்கொண்டு கேமரா நிலைகள் சட்டென்று அமைந்தன. இலையின் பளபளப்பு கோணத்துக்குக் கோணம் மாறி ஏமாற்றும். ஜன்னலில் வெள்ளைத் துணி கட்டி வெளிச்சத்தை மென்மையாக்கினேன்.

படங்களிலிருந்து வடிவம் கிடைக்குமே தவிர, அளவு கிடைக்காது. தொட்டி விளிம்பில் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு குறிகள் ஒட்டி, அதை வைத்து அளவைப் பொருத்தினேன். தொட்டி வளராது என்பதால், வெவ்வேறு வார மாதிரிகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தவும் அந்தக் குறிகளே உதவின.

இப்படிக் கிடைத்த மாதிரி ஒரு புள்ளித் திரள், அதாவது முப்பரிமாணத்தில் இடம் கணித்த புள்ளிகளின் கூட்டம். அதில் அகன்ற இலைகள் நன்றாக வந்திருந்தன. மெல்லிய காம்புகள் அங்கங்கே அறுந்திருந்தன. படமெடுக்கும்போது அசைந்த ஓர் இலை இரட்டையாகத் தெரிந்தது. பரப்பை அளக்கப் புள்ளிகளை இணைத்து மேற்பரப்பு அமைக்க வேண்டும். முழுச் செடிக்கும் ஒரே மூச்சில் அமைத்தால், இலைகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தையும் மூடிப் பரப்பை ஊதிக் காட்டிவிடுகிறது. ஆகவே புள்ளித் திரள்களைக் கையாளும் கிளவுட்கம்பேர் மென்பொருளில் ஒவ்வோர் இலையாகப் பிரித்து மேற்பரப்பு அமைத்தேன். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். வேறு நேர்வழி எனக்குத் தெரியவில்லை. சரிபார்க்க, பழுத்துப்போன அடி இலை ஒன்றைக் கிள்ளி, வரைபடத்தாளில் அழுத்தி விரித்துக் கட்டங்களை எண்ணினேன். மாதிரி காட்டிய பரப்பு சற்றுக் குறைவு. சுருண்ட ஓரங்கள் அதில் விடுபட்டிருந்தன.

செடி அடர்ந்த பிறகு உள் இலைகள் எந்தப் படத்திலும் விழவில்லை. படங்களிலிருந்து முப்பரிமாணக் காட்சியை உருவாக்கும், 2023இல் வந்த காஸியன் ஸ்பிளாட்டிங் முறையில் அதே படங்களைக் கொடுத்துப் பார்த்தேன். கண்ணுக்கு அவ்வளவு அழகு! ஆனால் அங்கே இருப்பவை மங்கலான ஒளித்திட்டுகள். இலையின் விளிம்பு எங்கே முடிகிறது என்று அளக்கப் பிடி கிடைக்கவில்லை. அளவெடுக்கப் புள்ளித் திரளையே வைத்துக்கொண்டு, அடர்ந்த பருவத்தில் வெளியே தெரியும் இலைகளை மட்டும் கணக்கில் எடுக்கிறேன்.